முதல் ஒன்றரைச் சுற்று

காலையில் பல் தேய்த்துக்கொண்டே அறிக்கையைத் திறந்திருக்கக் கூடாது. கடைசி வரிக்கு வந்ததும் பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே அவள் கூடத்துக்கு வந்து நின்றாள். வாயோரம் நுரை.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கறே?" என்றாள் அக்கா.

அவள் கைப்பேசியை நீட்டினாள். நீளமான அந்த அறிக்கையில் அக்காவுக்குப் புரிந்தது கடைசி வரி மட்டும்தான். சுருளைத் திறந்தால் வண்ணம் பெயர்ந்துவிடும், திறக்க வேண்டாம் என்று இருந்தது.

"உன் எக்ஸ்ரே எழுதினதா இது?"

"என் எக்ஸ்ரே இல்ல. பல்கலைக்கழகத்து எக்ஸ்ரே."

பல்கலைக்கழகத்தில் பழம்பொருள்களை ஆராயும் மையம் ஒன்று இருக்கிறது. வேதியியல்காரர், இயற்பியல்காரர், துணி செப்பனிடுபவர் என்று ஒருவர் பாஷை ஒருவருக்குப் புரியாத ஆட்களை ஒரே அறையில் போட்டு, பழைய பொருள்களை அழியாமல் காப்பாற்றுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். நீளநீளமான பதவிப் பெயர்கள் யார் வாயிலும் நுழையாததால் முதல் வாரத்திலேயே பட்டப்பெயர்கள் ஒட்டிக்கொண்டன. பழந்துணிகளைச் செப்பனிடும் இவள் ஊசி. ஸ்கேன் எடுத்துக் கணினியில் படம் செய்பவன் எக்ஸ்ரே. காற்றைப் பிடித்து அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று சொல்லும் வேதியியல் பேராசிரியை மூக்கக்கா.

ஒரு வருஷமாக அவர்கள் நடுவில் கிடந்தது ஒரு படுதா. ஊரின் பழைய நாடக அரங்கில் மேடைக்குப் பின்னால் தொங்கிய ஓவியத்திரை. அறுபது வருஷத்துக்கு முன்னால் யாரோ சுருட்டிக் கட்டி நிலவறையில் போட்டுவிட்டார்கள். தோணி நீளத்துக்கு ஒரு சுருள். உள்ளே என்ன படம் என்று உயிரோடு இருக்கும் யாருக்கும் தெரியாது. இப்போது அரங்கத்தைப் புதுப்பித்துத் திறக்கப்போகிறார்கள். படுதாவைப் பிரிக்க முடிந்தால் மறுபடி மேடையில் தொங்கும். முடியாவிட்டால் அச்சடித்த திரை ஒன்று தொங்கும், சுருள் திரும்பவும் நிலவறைக்கே போய்விடும். பதிலைக் கேட்க அரங்கத்தின் செயலாளர் அம்மாள் இன்று மதியம் வருகிறார்.

அது போதாதென்று இன்னொரு முடிச்சையும் அவளே போட்டு வைத்திருந்தாள். போன வாரம் கேண்டீனில் எக்ஸ்ரே டீக்கோப்பையைப் பார்த்துக்கொண்டே, "ஞாயித்துக்கிழமை உங்க அக்கா வீட்டுக்கு வந்து பேசலாமா?" என்று கேட்டான். அவள் வாய்க்கு வந்ததைச் சொன்னாள். "முதல்ல படுதா திறக்கட்டும். அப்புறம் சொல்றேன்."

அக்காவுக்கு இது தெரியும். அக்காவுக்குத் தெரியாதது என்று அந்த வீட்டில் ஒன்றும் கிடையாது.

"ஏன்டி, திறக்கலாம்னு எழுதியிருந்தா இந்த ஞாயித்துக்கிழமை இந்த சோபாவுல வந்து உக்காந்திருக்கலாம். தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டு உண்மையை எழுதியிருக்கான். நல்ல பையன்டி."

"நல்லவரா இருந்தா மட்டும் போதுமா? சரியா இருக்க வேண்டாமா?"

சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே மாமா வந்தார். மாமா பல் மருத்துவர். எந்தப் படத்தைக் காட்டினாலும் முதலில் அதில் பல்லைத் தேடுவார். கைப்பேசியை வாங்கிக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். சுருளைக் குறுக்கே அறுத்துப் பார்த்ததுபோல வட்டத்துக்குள் வட்டமாக ஒரு படம். கறுப்பும் வெள்ளையும் கத்தி வைத்து வெட்டின மாதிரி இருந்தன.

"அறுபது வருஷம் யாரும் தொடலேன்னு சொன்னியே?"

"ஆமா மாமா."

"ஒரு பொட்டு அழுக்கு இல்லையேம்மா. என்கிட்ட ஒருத்தர் வந்து, டாக்டர், நான் பல் தேய்ச்சு அறுபது வருஷமாச்சுன்னு சொல்லிட்டு இப்படி வாயைத் திறந்தார்னா, நேத்து வேற எங்கேயோ போய் சுத்தம் பண்ணிட்டு வந்திருக்கார்னுதான் நினைப்பேன்."

தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துவிட்டு மாமா காபியைத் தேடிப் போனார். அவள் சிரிக்கவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டு நின்றவள், வாயிலிருந்த நுரையை அப்படியே விழுங்கிவிட்டாள்.

"தூ, என்னடி பண்றே," என்றாள் அக்கா.

"நான் கிளம்பறேன்க்கா."

"முகத்தையாவது கழுவிட்டுப் போ."

*

ஆய்வகம் முன்பு சைக்கிள் நிறுத்துமிடமாக இருந்த நீளக் கொட்டகை. சுவர் எழுப்பி, குளிர்சாதனம் வைத்து, கதவில் பெயர்ப்பலகை மாட்டியிருந்தார்கள். நடுவில் நீள மேசை. அதன் மேல் வெள்ளைத் துணி போர்த்திய சுருள். இடப்பக்கச் சுவரில் ஊசியின் அலமாரி, அதில் வரிசையாகச் சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகள். ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை தூசி. எந்தத் துணியின் எந்த மூலையிலிருந்து எடுத்தது என்று சீட்டு ஒட்டியிருக்கும். என்னவென்று தெரியாமல் எந்தத் தூசியையும் தட்டிவிடக் கூடாது என்பது அவள் தொழிலின் முதல் பாடம். தூசிக்கு ஜாதகம் எழுதுகிறவள் என்று எக்ஸ்ரே கேலி செய்வான்.

அன்று அவன் கேலி செய்யும் நிலையில் இல்லை. அவள் உள்ளே வந்ததும் எழுந்து நின்றுவிட்டான்.

"படிச்சீங்களா?"

"படிச்சேன், எக்ஸ்ரே சார்."

சார் என்ற சொல் அவன் முகத்தில் அறைந்த மாதிரி விழுந்தது. "நான் மூணு தடவை பார்த்தேங்க. ஒரு சுத்துல இருக்கற பெயிண்ட்டும், அதை ஒட்டிப் படிஞ்ச அடுத்த சுத்துத் துணியோட முதுகும் நல்லா ஒட்டியிருக்கு. நடுவுல இடைவெளியே இல்ல. பிரிச்சா பெயிண்ட் துணியோட வந்துடும். எனக்கு மட்டும் இப்படி எழுதணும்னு ஆசையா?"

"ஆசையைப் பத்திக் கேக்கல. படம் ஏன் இவ்வளவு சுத்தமா இருக்கு?"

"அது துடைப்பம் பண்ணின வேலை." தான் எழுதிய நிரலுக்கு அவன் வைத்த செல்லப்பெயர் துடைப்பம். "ஸ்கேன்ல புள்ளி புள்ளியா இரைச்சல் வரும். அதைப் பெருக்கித் தள்ளிட்டு, பெயிண்ட் ஒரு பக்கம், துணி ஒரு பக்கம்னு பிரிச்சுக் கோடு போட்டுக் கொடுக்கும். எல்லாரும் அப்படித்தாங்க செய்வாங்க."

"பெயிண்ட்டும் இல்லாம துணியும் இல்லாம நடுவுல மூணாவதா ஒண்ணு இருந்தா?"

"மூணாவதா என்ன இருக்கப்போகுது?"

"இருந்தான்னு கேக்கறேன்."

அவன் திரையைத் திரும்பிப் பார்த்தான். "குப்பைன்னு பெருக்கிடும். பெருக்கின இடம் காலியா இருக்கக் கூடாதுன்னு ரெண்டு ஓரத்தையும் இழுத்து..." குரல் தேய்ந்தது. "சேர்த்து ஒட்டிடும்."



"எனக்குப் பெருக்காத படம் வேணும்," என்றாள் ஊசி. "குப்பையோட."

அவன் நாற்காலியில் உட்காரவில்லை, விழுந்தான். விசைப்பலகையில் விரல்கள் தட்டுத் தடுமாறின. கடவுச்சொல்லை இரண்டு முறை தப்பாக அடித்தான். அதற்குள் மூக்கக்கா கையில் டீயோடு வந்து சேர்ந்தார். ஐம்பதைத் தாண்டியவர். அவர் வந்தாலே அந்த அறையில் யாரும் சோர்ந்து உட்கார முடியாது.

"என்ன ரெண்டு பேரும் ஒரே திரையைப் பார்த்துட்டு நிக்கறீங்க? சமாதானமா, சண்டையா?"

"இன்னும் முடிவாகலக்கா," என்றாள் ஊசி.

மூலப்படம் மேலிருந்து கீழாக மெல்ல விரிந்தது. காலையில் பார்த்த கூர்மையான வட்டங்கள் இல்லை. பனி பிடித்த கண்ணாடி வழியே பார்ப்பதுபோல எல்லாம் மங்கல். எக்ஸ்ரே பெரிதாக்கினான். வண்ணம் ஒரு வெள்ளைக் கோடு. துணி சாம்பல் பட்டை. இரண்டுக்கும் நடுவே, ஆமாம், நடுவே, மாவு தூவினதுபோல மெல்லிய ஒரு படலம்.

"இரைச்சலா இருக்கலாம்," என்றான். அவன் குரலிலேயே அவனுக்கு நம்பிக்கை இல்லை.

"இரைச்சல்னா எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி இருக்கணும், இல்லையா? இதைக் குறுக்கே பார்க்காம, விரிச்சுப் பாருங்க. பெயிண்ட்டை எடுத்துடுங்க. துணியை எடுத்துடுங்க. அந்தப் படலத்தை மட்டும், படுதாவைத் தரையில விரிச்சா எப்படி இருக்குமோ அப்படிக் காட்டுங்க."

"துடைப்பத்தைத் தலைகீழாப் பிடிக்கச் சொல்றீங்க."

"முடியுமா, முடியாதா?"

"முடியும். ஏன் முடியாது?" அவன் சட்டைக் கையை மடித்துவிட்டான். "குப்பையை வச்சுக்கிட்டு மத்ததைப் பெருக்கணும். அவ்வளவுதானே."

அவ்வளவுதான் இல்லை. காலை முழுக்கப் பிடித்தது. அவன் எழுதினான், ஓட்டினான், திரையில் வெறும் கறுப்பு வந்தது. திருத்தினான், வெறும் வெள்ளை வந்தது. ஊசி அவன் முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டே இருந்தாள். "நடந்தா வேகமா வராது," என்றான் திரும்பாமலே. "நின்னாலும் வராது," என்றாள் அவள். மூக்கக்கா தன் டீயை அவன் பக்கம் நகர்த்தினார். அவன் யாருடையது என்று பார்க்காமலே குடித்துத் தீர்த்தான்.

பிறகு அது வந்தது.

கறுப்புப் பின்னணியில் ஒரு வெள்ளை வட்டம். உள்ளங்கை அளவு, ஓரம் கலைந்த வட்டம். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. ஒரு கை எட்டும் தூரத்துக்கு வரிசையாகப் போய், அடுத்த வரிசை அதற்குக் கீழே தொடங்கியது. படுதா முழுக்க. யாரோ அளந்து வைத்த மாதிரி.

ஊசியின் கை எக்ஸ்ரேயின் தோளைப் பிடித்திருந்தது. பிடித்திருப்பது அவளுக்கே தெரியவில்லை. அவனுக்குத் தெரிந்திருந்தது, அதனால் அசையவில்லை.

"துணி மூட்டை," என்றாள் மெதுவாக. "சின்னத் துணியில பொடியைக் கட்டி ஒத்தியிருக்காங்க. தட்டித் தட்டி. சுருட்டச் சுருட்ட ஒத்திக்கிட்டே போயிருக்காங்க. ஒட்டிக்கக் கூடாதுன்னு."

"என்ன பொடி?" என்றான்.

இருவரும் ஒரே நேரத்தில் மூக்கக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஏற்கெனவே கையுறையை மாட்டிக்கொண்டிருந்தார்.

"என்னை இப்பவாவது ஞாபகம் வந்துச்சே," என்றார். "தள்ளுங்க."

சுருளின் ஓரத்தில், அடுக்குகளுக்கு நடுவே, முடி போன்ற ஒரு குழாயை விட்டார். மறுமுனையில் சின்னப் பம்பு மூச்சுவிடுவதுபோல இழுத்தது. அப்படியே பஞ்சுமுனைக் குச்சியால் ஓரத்தில் ஒரு துளி பொடியையும் தொட்டெடுத்தார். பொடி ஒரு கருவிக்குள் போனது, காற்று இன்னொரு கருவிக்குள் போனது. மூக்கக்கா கைகளைக் கட்டிக்கொண்டு இரண்டுக்கும் நடுவில் நின்றார், அடுப்பில் இரண்டு பாத்திரம் வைத்தவர் மாதிரி.

முதலில் பொடிக்கு விடை வந்தது.

"டால்க்," என்றார். "மாக்கல் பொடி. சுண்ணாம்பு இல்ல, மாவு இல்ல. மாவா இருந்தா பூச்சி எப்பவோ தின்னு தீர்த்திருக்கும்." காற்றின் விடையைப் பார்த்ததும் அவர் புருவம் ஏறியது. மறுபடி பார்த்தார். சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"அக்கா, சொல்லிட்டுச் சிரிங்க," என்றான் எக்ஸ்ரே.

"வாசனைத் திரவியம்ப்பா. ரோஜா மாதிரி ஒண்ணு, கொஞ்சம் கஸ்தூரி. நாடகக் கொட்டகையில டால்க்கும் ரோஜாவும் சேர்ந்து எங்கே இருக்கும்?" அவர்கள் விழிப்பதைப் பார்த்துத் தன் கன்னத்தில் இரண்டு தட்டு தட்டிக் காட்டினார். "முகப்பவுடர். வேஷம் போடற அறையில இருந்த பவுடரை அள்ளிட்டு வந்து, அத்தனை பெரிய படுதாவுக்கும் பூசி விட்டிருக்காங்க."

ஊசி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆனால் எக்ஸ்ரே திரையை விட்டு நகரவில்லை. "ஒரு நிமிஷம்," என்றான். "இங்கே பாருங்க. வெளிச்சுத்து."

வட்டங்கள் வெளிப்பக்கம் வர வர மங்கிக்கொண்டே வந்தன. கடைசி ஒன்றரைச் சுற்றில் சுத்தமாக எதுவும் இல்லை.

"பவுடர் தீர்ந்துபோச்சு," என்றாள் ஊசி.

"ஆமா. உள்ளே எல்லாம் பத்திரம். நாம முதல்ல பிரிக்க வேண்டிய ஒன்றரைச் சுத்துல மட்டும் ஒண்ணும் இல்ல. அங்கே நான் எழுதினது சரியாவும் இருக்கலாம்."

*

செயலாளர் அம்மாள் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். பருத்திப் புடவை, தோளில் பெரிய பை, எதையும் உட்கார்ந்து கேட்காத பழக்கம்.

"அறிக்கை எனக்குக் காலையிலேயே வந்துடுச்சு. திறக்க முடியாதுன்னு போட்டிருக்கு. தெளிவா இருக்கு. அச்சடிக்கிறவங்ககிட்ட நான் பேசிட்டு வந்துட்டேன்."

ஊசி வாயெடுக்கும் முன் எக்ஸ்ரே முன்னால் வந்தான்.

"அந்த அறிக்கை தப்பும்மா. நான்தான் எழுதினேன். நான்தான் தப்பு பண்ணினேன். அழுக்குன்னு நினைச்சு நான் துடைச்சது அழுக்கு இல்ல. அதுதான் படுதாவைக் காப்பாத்தியிருக்கு."

"காலையில ஒண்ணு சொல்றீங்க, மதியம் ஒண்ணு சொல்றீங்க."

"ஆமாம்மா. காலையில சொன்னது என் படம். இப்ப சொல்றது மூணு பேரும் சேர்ந்து பார்த்தது." திரையில் வட்டங்களைக் காட்டினான். மூக்கக்கா பவுடரைச் சொன்னார். அம்மாள் பையைத் தோளிலிருந்து இறக்கிக் கீழே வைத்தார்.

"திறந்து கிழிஞ்சா நாலு பேருக்கு நான் பதில் சொல்லணும். கிழியாதுன்னு சொல்றீங்களா?"

இப்போது எல்லோரும் ஊசியைப் பார்த்தார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது.

"முதல் ஒன்றரைச் சுத்துக்கு என்னால உறுதி சொல்ல முடியாதும்மா," என்றாள். "அங்கே பவுடர் இல்ல. கொஞ்சம் பெயர்ந்தாலும் பெயரும். ஆனா வெளிச்சுத்துதான் ரொம்பத் தளர்வா சுத்தியிருக்கு. விரல் விரலா, என் கையால பிரிக்கிறேன். பிடிவாதமா ஒட்டியிருந்தா அந்த இடத்துலேயே நிறுத்திட்டு மறுபடி மூடிடறேன். நீங்க இங்கேயே நின்னு பாருங்க."

அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "உறுதின்னு சொல்லியிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பேன்," என்றார். "ஆரம்பிங்க."

வெள்ளைப் போர்வையை எடுத்தார்கள். சுருளின் ஒரு முனையை எக்ஸ்ரேயும் மறுமுனையை மூக்கக்காவும் பிடித்தார்கள். ஊசி நடுவில் குனிந்தாள். ஈரப்பதம் கொஞ்சம் கூட்டிய காற்றை விளிம்பில் பாய்ச்சி, காத்திருந்து, மெல்லிய வழவழப்பான தாளை அடுக்குக்கு நடுவே நுழைத்தாள். தாள் ஒரு விரல் அகலம் போனது. நின்றது. மறுபடி காற்று. மறுபடி காத்திருப்பு. இன்னொரு விரல்.

"மூச்சு விடுங்க," என்றான் எக்ஸ்ரே மெதுவாக.

"நீங்க முதல்ல விடுங்க."

அரைச் சுற்று வந்தது. துணியின் உட்பக்கம் வெளிச்சத்துக்குத் திரும்பியபோது, நீலம். மங்காத, அடர்ந்த நீலம். வானம். அம்மாள் ஒரு எட்டு முன்னால் வந்தார்.

ஒரு சுற்று. அப்போது மெல்லிய சத்தம் ஒன்று கேட்டது, காய்ந்த இலையை மிதித்த மாதிரி. நால்வரும் சிலையானார்கள். நகக்கண் அளவு நீலச் செதில் ஒன்று துணியின் முதுகோடு எழும்பி நின்றது. ஊசி குனிந்தபடியே இடுக்கியால் அந்தச் செதிலை எடுத்துக் குப்பியில் போட்டு மூடினாள்.

எக்ஸ்ரே தன் முனையை ஒரு நூல்கூட அசைக்காமல் பிடித்திருந்தான். அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவன் கண்ணால் கேட்டான், நிறுத்தலாமா? அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். இன்னும் அரைச் சுற்று.

காற்று. காத்திருப்பு. ஒரு விரல். இன்னொரு விரல். பிறகு தாளுக்கு எதிர்ப்பே இல்லாமல் போனது. அவள் தள்ளவே இல்லை. பிடித்துக் கொண்டிருந்த கையை யாரோ தாங்களாகவே விட்டுவிட்டது போலச் சுருள் தானாக நெகிழ்ந்து, ஒரு பெருமூச்சோடு அடுத்த சுற்றுக்கு உருண்டது. உள்ளிருந்து லேசான வாசனை எழுந்தது. யாரோ இப்போதுதான் அலங்காரம் முடித்து அறையைக் கடந்து போன மாதிரி.

செயலாளர் அம்மாள் தும்மினார். தும்மலை முந்தானையால் அழுத்திக்கொண்டு, "மன்னிச்சுக்கோங்க, மன்னிச்சுக்கோங்க," என்று பின்னால் நகர்ந்தார். மூக்கக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

நீல வானத்தில் பவுடர் தொடங்கும் இடம் கண்ணுக்கே தெரிந்தது. அங்கே வட்டம் இல்லை. மூட்டையில் இருந்தது தீர்ந்ததும், ஒட்டியிருந்த மிச்சத்தை யாரோ கையால் தட்டித் தேய்த்திருக்கிறார்கள். ஐந்து விரலும் பதிந்த ஒரு வெள்ளைக் கை. அதற்கு அப்பால் வெறும் நீலம்.

எக்ஸ்ரே தன் முனையைத் தாங்கியில் பத்திரமாக வைத்துவிட்டு வந்து அவள் பக்கத்தில் நின்றான். அந்தக் கைத்தடத்துக்கு மேலே, தொடாமல், தன் கையை நீட்டிப் பார்த்தான். அவன் கையை விடச் சின்னது.

"இதைத்தான் நான் குப்பைன்னு பெருக்கினேன்," என்றான்.

"இப்ப பெருக்கலையே."

"ஊசி மேடம்," என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். அவன் மூக்கு நுனியில் ஒரு பொட்டு வெள்ளைப் பவுடர் இருந்தது. அவள் கை தன்னையறியாமல் அதைத் துடைக்கப் போனது. பாதியில் நின்றது. அலமாரிக்குப் போய் ஒரு குப்பியும் சின்னத் தூரிகையும் எடுத்து வந்து, அந்தப் பொட்டைப் பொறுப்பாகக் குப்பியில் சேர்த்தாள்.

"எந்த இடத்திலிருந்து எடுத்ததுன்னு எழுதுவீங்க?" என்று கேட்டார் மூக்கக்கா.

"பார்த்துக்கலாம்க்கா," என்றாள் ஊசி. காது வரை சிவந்திருந்தது.

அம்மாள் கைப்பேசியில் அச்சகத்துக்காரரைக் கூப்பிட்டுக்கொண்டே வெளியே போனார். வேண்டாம், வேண்டாம் என்று அவர் சொல்வது கேட்டது. மூக்கக்கா ஏதோ ஞாபகம் வந்தவர்போல அவர் பின்னாலேயே போனார். உண்மையில் அவருக்கு எந்த ஞாபகமும் வரவில்லை.

அறையில் இரண்டு பேரும், பாதி வானமும்.

"ஞாயித்துக்கிழமை," என்றாள் குப்பியின் மூடியைத் திருகிக்கொண்டே, "காலையில சீக்கிரம் வந்துடாதீங்க. அக்கா வீடெல்லாம் பெருக்கி முடிக்கட்டும்."

அவனுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. புரிந்ததும் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

"உங்க மாமா என்ன கேப்பார்?"

"ஒண்ணும் கேக்க மாட்டார். வாயைத் திறக்கச் சொல்லுவார்." அவள் கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டாள். "முந்தின நாள் போய் வேற யார்கிட்டயும் சுத்தம் பண்ணிட்டு வந்துடாதீங்க. அவருக்குத் தெரிஞ்சுடும். இப்ப அந்த முனையைப் பிடிங்க, அடுத்த சுத்து."

அவன் போய்ப் பிடித்துக்கொண்டான்.